சரசு மிஸ்ஸி அதிர்ந்து பேசினார்

"சரசு மிஸ்ஸி தவறிட்டாங்க டீச்சர்" என்று லெட்சுமி போனில் சொன்னபோது ஈப்போ சந்தையில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். லெட்சுமி, சுங்கை சிப்புட் பள்ளியில் என்னிடம் படித்தவள். தாதிகளை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் அழைப்போம்.

மறுநாள் சரசுவின் வீட்டில், அவர் வேலை செய்த கிளினிக்கின் தலைமைத் தாதி, "யாரிடமும் அதிர்ந்து பேசாதவர்" என்று புகழ்ந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சரசு அதிர்ந்து பேசினார். அந்த அம்மாவிடமே பேசினார். எதற்காக என்று தெரிந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் பாதிப்பேர். நாமும் மறைத்தால் அவரை இரண்டாம் முறை எரித்ததாகும்.

லெட்சுமியின் சம்மதத்தோடு, பெயரை மட்டும் மாற்றி எழுதுகிறேன். அவள் கணவர் லோரி ஓட்டுநர். தனக்குப் பால்வினை நோய் என்று தெரிந்தும் உறை போட மறுத்தார். பெண்ணே அணிந்துகொள்ளும் உறை உண்டென்று கேள்விப்பட்டு லெட்சுமி கிளினிக்கிற்குப் போனாள். அங்கிருந்த தாதி, "வீட்டுக்காரர கூட்டிட்டு வாம்மா, பேசிட்டுத் தர்றேன்" என்றார். சொன்னால் கேட்கிற கணவராக இருந்தால் இவள் ஏன் வரப்போகிறாள்? அடுத்த முறை அவள் போனது தன் நோய்க்கு மருந்து வாங்க.

அந்தத் தாதி சரசுதான்.

இதை அவரே என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சொன்னார். "குடும்ப மரியாதைன்னு நெனச்சு அவள திருப்பி அனுப்பல டீச்சர். அந்தப் பாக்கெட்ட நான் பிரிச்சதே இல்ல. எப்படிப் போடறதுன்னு கேட்டிருந்தா முழிச்சிருப்பேன்லா."

தனக்குத் தெரியாத கணக்கை, "இது பரீட்சையில் வராது" என்று தாண்டிப்போகும் ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் நம்பிவிடுவார்கள். பரீட்சையில் அந்தக் கணக்குதான் வரும்.

அதன்பின் சரசு பயிற்சி கேட்டுப் போய்க் கற்றுவந்தார். பூட்டிய அலமாரியிலிருந்த பெண்ணுறைப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைப்பார். மறுநாள் அது மறுபடி உள்ளே போயிருக்கும். நம் பெண்கள் இதெல்லாம் கேட்கமாட்டார்கள் என்பது மற்றத் தாதிகளின் தீர்ப்பு. ஒருவர், "நீ மொதல்ல போட்டுக் காட்டுலா" என்று கேலி பேசினாராம். சரசு பாக்கெட்டைப் பிரித்து அவர் முன்னால் நீட்டினார். "இந்தா, பிடி. உனக்கே கூசுதுன்னா, கேக்க வந்தவளுக்கு எப்படி இருந்திருக்கும்?" யாரும் கையில் வாங்கவில்லை.

பெட்டி காலாவதியாகிக் குப்பைக்குப் போனது. யாரும் கேட்பதில்லை என்றார் தலைமைத் தாதி. கடையைப் பூட்டி வைத்துவிட்டு வியாபாரம் இல்லை என்பதா என்று சரசு கேட்டார். அன்றுதான் சரசுவின் குரல் வாசல்வரை கேட்டது. புகழ்ந்தவர்களே, இன்று அந்த அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது?

அதே சாப்பாட்டு மேசையில் அவர் எனக்கும் கற்றுக்கொடுத்தார். உறையின் உள் வளையத்தை விரல்களுக்கிடையே வைத்து அழுத்த வேண்டும், எட்டு என்ற எண்போல் ஒடுங்கும். எழுபது வயதில் எனக்கு எதற்கு என்று சிரித்தேன். "ஒங்களுக்கு இல்ல டீச்சர், ஒங்ககிட்ட கேக்க வர்றவளுக்கு."

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தப் பிடி ஒன்றுதான். போன வாரம் லெட்சுமி, திருமணமான தன் தங்கையை அழைத்து வந்தாள். கணவரைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. அந்தப் பிடியைக் காட்ட, அவளைக் கையை நீட்டச் சொன்னேன்.