தெரெரே என்று முடியும் கோப்பு

பிலார் ஊரில் எங்கள் மருத்துவமனை சிறியது. அங்கே சுனில்தா அக்கா பதிவறை எழுத்தர். ஆனால் மின்னஞ்சல் முரண்டு பிடித்தால் டாக்டர்களே அவர் மேசையைத் தேடி வருவார்கள்.

ஸ்கேன் படங்கள் பெரியவை. தலைநகர் மருத்துவமனையில் மின்னஞ்சலைச் சோதிக்கும் காவல் மென்பொருள் பெரிய கோப்பை உள்ளே விடாது. சுருக்கிக் கட்டிய கோப்பையும் விடாது. அக்கா படத்தைச் சுருக்கி, நான்கு துண்டாக நறுக்கி, ஒவ்வொன்றின் பெயர் முடிவையும் 'தெரெரே' என்று மாற்றிவிடுவார். நாங்கள் எல்லோரும் ஒரே குழலில் உறிஞ்சுகிற குளிர்ந்த பானத்தின் பெயர் அது. காவல் ஒன்றும் புரியாமல் உள்ளே விட்டுவிடும். அந்தப் பக்கம் பெயரைத் திருத்தி, ஒட்டித் திறந்துகொள்வார்கள்.

"தெரெரேன்னு வந்தா நம்ம ஆளுங்க அனுப்பினது. கண்ண மூடிக்கிட்டுத் தொறங்க" என்று ஊருக்கே சொல்லிக் கொடுத்திருந்தார்.

எனக்கு எரிச்சலாக வரும். "வாசல்ல காவல் போட்டிருக்கான், நீ எல்லாருக்கும் சுவரேறிக் குதிக்கக் கத்துத் தர்ற."

"போடி எலாதியா. நர்ஸுக்கு ஊசி குத்தத்தான் தெரியும்."

அப்போதுதான் அக்காவின் தங்கை போர்ஃபிரியாவுக்குத் தலைக்குள் ஒரு கட்டி இருப்பது தெரிந்தது. தலைநகரில் சேர்த்தார்கள். பல வருடங்களுக்கு முன் அவள் குதிரையிலிருந்து விழுந்தபோது எங்களிடம் எடுத்த படம் ஒன்று இருந்தது. "அதுலயும் இதே அளவு இருந்தா, கட்டி வளரலன்னு அர்த்தம், தலையத் தொறக்கவே வேணாம். தொறந்தா பேச்சு போனாலும் போயிடும்" என்றார் அங்கிருந்த டாக்டர். அறுவைச் சிகிச்சையை மறுநாள் மதியத்துக்குக் குறித்திருந்தார்கள்.

அக்கா அந்தப் பழைய படத்தை நறுக்கி மூன்று துண்டுகளை அனுப்பினார். நான்காவதற்குள் மின்சாரம் போய்விட்டது. எங்களுக்கு அது புதிதில்லை. காலையில் முதல் வேலையாக அனுப்பலாம் என்று வீட்டுக்குப் போனார்.

காலையில் அவர் வருவதற்குள் வரவேற்பு மேசை தெர்லிஸ் ஒரு அஞ்சலைப் பார்த்தான். அதே டாக்டரின் முகவரி. 'அவசரம், போர்ஃபிரியாவின் புதுப் படம்' என்றிருந்தது. கோப்பு தெரெரே என்று முடிந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டு திறந்தான்.

டாக்டர் எதையுமே அனுப்பவில்லை. யாரோ அவருடைய அஞ்சல் பெட்டிக்குள் புகுந்து, எங்கள் பழைய கடிதங்களைப் பொறுமையாகப் படித்திருக்கிறார்கள்.

திரைகள் ஒவ்வொன்றாகக் கறுத்தன. கோப்புக்குள் இருந்த வைரஸ் படங்களையெல்லாம் பூட்டிவிட்டது. நகல் வைத்திருந்த பெட்டியும் அதே கணினியோடு கோத்திருந்ததால் அதுவும் போயிற்று. அக்கா வந்து, நின்றபடியே ஒவ்வொரு பெயராகத் தட்டிப் பார்த்தார். எதுவும் திறக்கவில்லை. நான் திட்டுவதற்கு வாயெடுத்தேன், அவர் முகத்தைப் பார்த்ததும் பயம் பிடித்துக்கொண்டது.

மதியம் நெருங்கும்போது தொலைபேசி அடித்தது. டாக்டர்.

"சுனில்தா, நாலாவது எங்க? அது இல்லாம மத்த மூணும் தொறக்க மாட்டேங்குது."

"டாக்டர், இங்க எல்லாமே பூட்டிக்கிச்சு."

"இதுக்கு மேல என்னால காத்திருக்க முடியாது. தலையத் தொறந்துதான் பாக்கணும். உங்க தங்கச்சி பேசணுங்கறாங்க, குடுக்கறேன்."

"அக்கா! படம் போயிடுச்சுல்ல? பாதி முடிய மழிச்சுட்டாங்கக்கா, உரிச்ச கோழி மாதிரி இருக்கேன்" என்று அவள் சிரிப்பது எனக்கே கேட்டது.

அக்கா தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"பேசுடி" என்றார். "ஏதாவது பேசிக்கிட்டே இரு."