குளிர் அறையில் இருமல்

இது நடந்தது. இதைச் சொன்னவள் பேய் பிசாசுக்கெல்லாம் காது கொடுக்காத ஓர் ஆய்வாளர். சொல்லும்போதும் அவள் குரலில் பயத்தைவிடக் கோபமே அதிகம்.

ஒரு வைரஸின் புரதம் நம் செல்லுக்குள் நுழைந்ததும் எந்தப் புரதத்தோடு கைகோக்கிறது? அதைக் கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. வைரஸ் புரதத்தைப் பொடிக் காந்த மணிகளில் இரைபோலக் கட்டி, உடைத்த சிறுநீரகச் செல்களின் சாற்றில் விடுவாள். ஒட்டியதை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கழுவிவிடுவாள். இரண்டு முறை செய்தும் ஒரே புரதம்தான் சிக்கியது.

"அது எதுலயும் ஒட்டுற குப்பைம்மா. திங்கக்கிழமையோட மூட்டை கட்டிடு" என்றார் பேராசிரியர்.

"இன்னொரு தடவை பாத்துட்டு நானே கட்டறேன் சார்."

ஞாயிறு மதியம். கட்டடத்தில் அவள் மட்டும். குளிர் அறையில் நான்கு டிகிரி. சுழலும் சக்கரத்தில் மூன்று குழாய்களை மாட்டினாள். இரண்டில் இரை, ஒன்றில், ஒப்பிட்டுப் பார்க்க, வெறும் மணி.

2:10. வெளியே யாரோ இருமினார்கள்.

கதவைத் திறந்து பார்த்தாள். தாழ்வாரம் காலி.

2:16. மறுபடியும் இருமல். இந்த முறை அறைக்குள்ளேயே. ஈரமான, நெஞ்சைப் பிடுங்கும் இருமல்.

சக்கரம் நின்றது. மோட்டார் மட்டும் உறுமியது... யாரோ விரலால் பிடித்திருப்பதுபோல.

போன் அடித்தது. கணவன்.

"எப்ப வருவே?"

"முடிஞ்சதும்."

"யாரு பக்கத்துல இப்படி இருமறது?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

கால்கள் கதவுப் பக்கம் இழுத்தன. பாதியில் விட்டுப் போய்விட்டால் மூன்று மாத உழைப்பு பாழ். சக்கரத்தின் முன் போய் நின்றாள்.

"இங்க பாரு. நீ யாரா இருந்தாலும் சரி, முடிக்காம நான் நகர மாட்டேன். கையை எடு."

2:24. சக்கரம் சுற்றியது.

கழுத்துக்குப் பின்னால் மூச்சு...

சூடாக...

அவள் திரும்பவில்லை. ஐந்து முறை கழுவினாள். குழாய்களைப் பெட்டியில் வைத்து மூடினாள். மறுநாள் காலை, புரதங்களை இனம் காணும் கருவியை இயக்குபவரிடம் தானே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

வியாழக்கிழமை அவர் கூப்பிட்டார்.

"உங்க புரதம் நிஜம்தான். வெறும் மணியில ஒட்டவே இல்ல. மத்த மூணுலயும் இருக்கு."

"மத்தது ரெண்டுதானே?"

"இல்லையே, மொத்தம் நாலு குழாய் இருந்துச்சு. நாலாவதுல இருந்தது சிறுநீரகம் இல்ல. மனுஷ நுரையீரல். அதோட..." தயங்கினார். "ஒரு வைரஸ் புரதம் மட்டும் இல்ல. முழு வைரஸும் இருக்கு. யாருங்க அந்த நோயாளி?"

நான்காவது குழாயை அறிக்கையிலிருந்து தூக்கச் சொன்னார் பேராசிரியர். அவள் தூக்கவில்லை.

அவர்களிடம் இருந்தது பாக்டீரியாவில் வளர்த்தெடுத்த அந்த ஒற்றைப் புரதம் மட்டும்தான். முழு வைரஸ் அந்தக் கட்டடத்துக்குள் ஒருநாளும் வந்ததில்லை.