பச்சைக் காருக்கு விழுந்த திட்டு

2005 மே மாதம், இரண்டாவது ஞாயிறு. நான்காம் வகுப்பு விடுமுறைக்கு மரக்காணத்தில் மாமா வீட்டுக்கு வந்திருந்தேன். கத்திரி வெயிலில் உப்பு நன்றாக விளைந்துகொண்டிருந்தது.

அன்று காலை மாமாவின் உப்பளக் கொட்டகை முன்னால் இரண்டு கார்கள் வந்து நின்றன. ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. இரண்டுமே இரண்டாம் உலகப் போருக்கு முன் இங்கிலாந்தில் செய்தவை. இருவர் மட்டுமே உட்காரலாம். சக்கரங்களில் சைக்கிளைப் போலக் கம்பிகள். முன்பு மாமாவின் கால் முறிந்தபோது வைத்தியம் பார்த்த சென்னை டாக்டருடையவை அவை. வயதாகிவிட்டதால் டாக்டர் தம் மகன் வீட்டோடு போய்விட இருந்தார். அங்கே ஒரு காருக்குத்தான் இடம். பழைய கார் சேர்க்கும் புதுச்சேரிக்காரர் ஒருவர் இரண்டையும் பார்த்து, பிடித்ததை வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையில் இருந்தது எங்கள் உப்பளம்.

டாக்டர் சிவப்பைப் புகழ்ந்து தள்ளினார். ஆறு சிலிண்டராம், பட்டுப்போல ஓடுமாம், மேடென்றாலும் மூச்சு வாங்காதாம். பச்சையைப் பற்றிச் சுருக்கமாக முடித்துக்கொண்டார்.

"இது நாலு சிலிண்டர்தாங்க. பிரேக்கு கம்பியில இழுக்குது. நெனச்சா நிக்கும், இல்லன்னா அடுத்த ஊர்ல போய் நிக்கும்."

புதுச்சேரிக்காரரோ பச்சையையே சுற்றிச்சுற்றி வந்தார். அதன் நீண்ட மூக்கின் மேல் கட்டியிருந்த தோல்வாரைத் தடவினார். முன்கண்ணாடியை மடக்கி, நிமிர்த்தி, மறுபடி மடக்கினார். இதில் ஏதோ ஒரு அழகு இருக்கிறது என்றார். டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். துடைத்து முடிக்கவே இல்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. விளைந்த உப்பில் வெள்ளையான அம்பாரத்தை உப்பளக்காரர் தம் வீட்டுக்கென்று ஒதுக்கிவைப்பார். வியாபாரியின் கண் அதன்மேல் விழுந்தால், அடியில் சேறு, மழை பட்டது என்று அவரே அதைக் குறை சொல்வார். பத்து வயதில் எனக்கு இது தெரியாது.

மாமா பச்சைக் காரை ஒரு சுற்றுச் சுற்றி, கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் புதுச்சேரிக்காரரிடம் சொன்னார்.

"சார், வெளிய பளபளன்னு இருக்குதுன்னு பாக்காதீங்க. உள்ள பூரா மரச்சட்டம். இந்த உப்புக்காத்துல எத்தினி நாளு தாங்கும்? உங்க ஊரும் கடலோரந்தானே."

வீடு தேடி வந்தவரின் காரை அவர் முன்னாலேயே திட்டுகிறாரே என்று எனக்கு மாமாமேல் ஆத்திரமாக வந்தது. டாக்டர் கோபப்படவில்லை. "அவர் சொல்றதும் வாஸ்தவம்தான்" என்றார். புதுச்சேரிக்காரர் வெகுநேரம் யோசித்துவிட்டுச் சிவப்பில் ஏறிப் போனார்.

டாக்டர் என்னைப் பச்சையில் ஏற்றிக்கொண்டு அனுமந்தை வரை போனார். காற்று முகத்தில் அறைந்தது. வழியில் ஆடுகள் குறுக்கே வந்தபோது கார் கச்சிதமாக நின்றது. அவர் பாட்டு ஒன்றை முணுமுணுத்தார். துக்கத்தை மறைக்கத்தான் பாடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"வுடுங்க தாத்தா. நல்லத அவரு எடுத்துக்கினு போயிட்டாரு, என்னா பண்றது. இதுவும் ஓடுதுல்ல?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். காரை ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். எதற்கென்று தெரியாமல் நானும் சேர்ந்து சிரித்தேன்.