ரேகன்ஸ்பர்க்கில் போட்ட பார்சல்

தொண்ணூற்றெட்டில் நான் நியூயார்க் பக்கம் வெஸ்ட் வின்ட்சரில் தனிக்கட்டை. மூன்று வாரம் லீவு கிடைத்தது. சென்னைக்குப் போகும் வழியில் ஜெர்மனியில் இறங்கி, ரேகன்ஸ்பர்க் என்ற பழைய ஊரை நான்கு நாள் நானாகவே சுற்றிப் பார்ப்பதாகத் திட்டம். டூர் பஸ்ஸில் ஏறி, தயிர்சாதத்துக்கு வரிசையில் நிற்கிற ஆள் நானில்லை என்று எனக்கு ஒரு திமிர். ரயில் நேரங்களைத் தாளில் எழுதினேன், விடுதிக்கு ஃபேக்ஸ் அனுப்பினேன், விசாவுக்காக நியூயார்க்கில் கால்கடுக்க நின்றேன். சாமான் என்று முதுகில் மாட்டும் ஒரே ஒரு பை. கல் பாவிய தெருக்களில் சூட்கேஸை இழுக்க முடியாது என்று லைப்ரரி புத்தகம் எச்சரித்திருந்தது.

அந்த ஒற்றைப் பைக்கு எதிரி எங்கள் அப்பார்ட்மென்ட் தமிழர்கள்தான். யாராவது ஊருக்குப் போகிறார் என்று காதில் விழுந்தால் போதும், "சின்ன பாக்கெட்தான்" என்று வந்து நிற்பார்கள். போன தடவை என் பெட்டியில் பாதி இடம் பிறத்தியாரின் பாதாம் பருப்புக்கும் வைட்டமின் மாத்திரைக்கும் போயிற்று. ஆகவே இந்த முறை சென்னையையே மறைத்துவிட்டேன். மூன்று வாரமும் ஜெர்மனிதான் என்று எல்லாரிடமும் அளந்தேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் கீழ்வீட்டு அக்கா வந்தார். சென்ற வருஷம் என் அம்மாவுக்கு பிளட் பிரஷர் பார்க்கும் கருவியைக் கைப்பையிலேயே வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தவர் அவர்தான்.

"சாப்பாட்டுக்கு அங்க என்ன பண்ணுவ? புளிக்காய்ச்சல் வச்சிருக்கேன், பிரெட்ல தடவிக்கோ" என்று ஒரு பாட்டிலைக் கொடுத்தார். பிறகு தயங்கித் தயங்கி ஒரு சின்ன டப்பாவை நீட்டினார்.

"அப்பாவோட ஹியரிங் எய்ட். இங்க வந்திருந்தப்போ அவர் காதுக்கு அளவெடுத்தது, அவர் கிளம்பினப்புறம்தான் ரெடியாச்சு. ஊருக்குப் போறவங்க யாருமே கிடைக்கலப்பா. போன்ல நான் பேசறது அவருக்கு ஒண்ணும் கேக்கல. அவர் பாட்டுக்குப் பேசிட்டு வச்சுடறார். ஜெர்மனிலேர்ந்து இந்தியா கிட்டதானே, அங்க போஸ்ட் பண்ணிடறியா?"

டப்பாவின் மேல் மயிலாப்பூர் விலாசம். மந்தைவெளியில் எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். "நான் சென்னைக்கும் போறேன்க்கா" என்று சொல்ல எத்தனை நேரம் ஆகியிருக்கும்? மானம் போய்விடுமே என்று பயந்தேன். "கண்டிப்பா போடறேன்க்கா" என்றேன்.

ரேகன்ஸ்பர்க்கில் இறங்கியதும் முதல் வேலையாகத் தபாலில் சேர்த்தேன். கையில் கொண்டுபோய்க் கொடுத்தால் அவர் மகளிடம் சொல்லிவிடுவாரே. டான்யூப் நதி மேலே அந்தப் புகழ்பெற்ற கல்பாலத்தில் நின்றபோதும், சீ, நீயும் ஒரு மனுஷனா என்றுதான் தோன்றியது. சென்னையில் இருந்த நாட்களில் மயிலாப்பூர்ப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. கோயிலுக்கு வாடா என்று அம்மா கூப்பிட்டபோது தலைவலி என்றேன்.

திரும்பி வந்ததும் அக்கா சந்தோஷமாக வந்தார்.

"பார்சல் கிடைச்சுதுப்பா. கஸ்டம்ஸ் டூட்டி கட்டி போஸ்ட் ஆபீஸ்ல நேர்ல வாங்கிக்கணும்னு கார்டு வந்துதாம். அப்பா பஸ் பிடிச்சுப் போயிருக்கார். பேரைக் கூப்பிட்டது அவர் காதுல விழல. சாயந்தரம் வரைக்கும் பெஞ்சுல உக்காந்துட்டு வெறுங்கையோட வந்துட்டார். மறுநாள் போய்த்தான் வாங்கினார்."

பெஞ்சில் உட்கார்ந்திருந்தது என்றைக்கு என்று கேட்டேன். சொன்னார். அன்று மத்தியானம் நான் மந்தைவெளியில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தேன்.

"ஹாலிடேல போய் எங்களுக்காக அலைஞ்சிருக்க. அப்பா உன்கிட்ட பேசணும்கறார்" என்று அங்கேயே நம்பரைச் சுழற்றி, ரிசீவரை என் கையில் கொடுத்தார்.

"தம்பி, நீங்க பேசறது நன்னாக் கேக்கறது" என்றார் பெரியவர். "என்னைக்காவது மெட்ராஸ் வந்தா நம்ம வீட்டுக்கு அவசியம் வரணும்."

"வரேன் சார்" என்றேன்.