அரைச்சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட செருமல்

போன ஆவணியில் ஒரு சனிக்கிழமை காலமை, யாழ்ப்பாணப் பட்டணத்தில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற ஒரு சின்னத் தியேட்டரில் நடந்தது இது. என் ஊர் உரும்பிராய். பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்போடு நின்றவள், ஆனால் தோட்ட வேலையில் ஒருவருக்கும் பின்னால் நின்றதில்லை. அவசரப்படாமல் ஆறுதலாகத்தான் எழுதுவேன், நீங்களும் ஆறுதலாக வாசியுங்கள்.

அந்தத் தியேட்டர் முதலில் புகையிலை அடுக்கி வைக்கிற கிட்டங்கியாக இருந்ததாம். பிறகு யாரோ ஒரு முதலாளி தகரம் போட்டு, சனம் இருக்க மரவாங்குகள் அடித்துப் படம் காட்டத் தொடங்கினார். நான் குமராக இருந்த காலத்தில் மழை பெய்தால் படத்தில் கதைப்பது ஒன்றும் கேட்காது. வெயில் ஏறினால் புகையிலை மணம் சுவரிலிருந்து கிளம்பும். நடுவில் பச்சை மை பூசிய அரைச்சுவர் ஒன்று. அதற்கு இந்தப் பக்கம் பெண்கள், அந்தப் பக்கம் ஆண்கள். எங்களுக்கு வாசலும் வேறு, பக்கத்து ஒழுங்கைக்குள்ளால் போகவேண்டும்.

என்னைக் கூட்டிக்கொண்டு போகிறவர் என் அண்ணை. அப்பா நேரத்தோடு போய்விட்டார், என்னை வளர்த்தது அண்ணைதான். படம் பார்க்க ஆசை என்று நான் அழுதால் கூட்டிக்கொண்டு போவார். ஆனால் அவருக்குப் பயம். ஊரில் ஒருவரும் என்னைப் பற்றி ஒரு சொல் சொல்லிவிடக்கூடாது. அதனால் படம் ஓடும்போது சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து செருமுவார். அடித்தொண்டையில் தொடங்கி மேலே ஏறுகிற செருமல், வேறு யாருக்கும் வராது. நான் அங்கேதான் இருக்கிறேன் என்று தெரிய, உடனே கையை ஆட்டிக் காப்புச் சத்தம் கேட்கச் செய்யவேண்டும். அதுதான் எங்கள் ஏற்பாடு. ஒருநாள் படத்தில் மயங்கி நான் காப்பை ஆட்ட மறந்துபோனேன். அண்ணை விடாமல் செருமினார். கடைசியில் யாரோ ஒருவன், "அண்ணை, கொத்தமல்லி அவிச்சுக் குடிச்சிட்டு வந்து படம் பாருங்கோ" என்று கத்த, இரண்டு பக்கமும் ஒரே சிரிப்பு.

கலியாணம் கட்டிய பிறகு நான் தியேட்டர் பக்கம் போகவில்லை. என் மனுசனுக்குப் படம் பிடிக்காது. பிறகு நாட்டில் சண்டை வந்தது, கரண்ட் இல்லை, படமும் இல்லை. இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது பஸ்ஸிலிருந்து பார்த்தேன். கூரைத் தகரம் ஒன்றும் இல்லை, உள்ளே ஆமணக்கு வளர்ந்து நின்றது. கனகாலம் அப்படியே கிடந்து, இப்போதுதான் திருத்திக் கதிரைகள் போட்டிருக்கிறார்கள்.

எங்கள் முன்வீட்டுப் பிள்ளை கம்பசில் பெரிய படிப்புப் படித்தவள், சின்னச் சின்னப் படங்கள் எடுக்கிறாள். மகனோடு கோபித்துக்கொண்டு தனியாக வெங்காயம் பிடுங்குகிற ஒரு கிழவி வேண்டும் என்று என்னைக் கேட்டாள். நான் சரி என்றேன். அதில் நடிக்க என்ன இருக்கிறது? அந்தப் படத்தை அந்தத் தியேட்டரில் காட்டப்போகிறோம் என்று சந்தியில் நோட்டீஸ் ஒட்டினார்கள். அதில் என் முகம், இவ்வளவு பெரிதாக.

அண்ணை பக்கத்து வளவில்தான் இருக்கிறார். எண்பது தாண்டிவிட்டது. ஒவ்வொரு நாளும் பின்னேரம் வாசல் படலையடியில் செருமிக்கொண்டு வந்து என் கையால் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார். நோட்டீஸ் ஒட்டின அன்றைக்கு வந்தவர் கதிரையில் இருக்கவில்லை.

"என்ரை தங்கச்சியின்ரை முகம் சந்தி மதிலிலை ஒட்டிக் கிடக்கு. உனக்கு இந்த வயதிலை உது தேவையோ? உந்தப் படத்திலை உன்ரை முகத்தை நான் பாக்க மாட்டன்."

"பாக்கிறவன் பாக்கட்டும் அண்ணை. இனி ஆர் என்னைப் பொம்பிளை கேட்டு வரப்போறான்?"

தேத்தண்ணியைத் தொடாமல் திரும்பிப் போய்விட்டார். அதற்குப் பிறகு படலை திறக்கவில்லை. என் கூடப்பிறந்தவர் என்று இருப்பது அவர் ஒருவர்தான். ஆனாலும் நான் போய்க் கதைக்கவில்லை. எனக்கும் ரோசம் இருக்கிறது. பின்னேரமானால் கேத்திலில் இரண்டு பேருக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, பாதியைத் திருப்பி ஊற்றுவேன்.

படம் காட்டுகிற அன்று அந்தப் பிள்ளை ஓட்டோவில் கூட்டிக்கொண்டு போனாள். இறங்கியதும் என் கால் தானாகப் பக்கத்து ஒழுங்கைக்குள் போய்விட்டது. "ஆச்சி, அங்கை எங்கை போறியள்? வாசல் இஞ்சாலை" என்று கூப்பிட்டாள். பழைய வாசலைக் கல் வைத்து அடைத்துவிட்டார்கள். உள்ளேயும் அரைச்சுவர் இல்லை. அது நின்ற இடத்தில் நிலத்தில் மட்டும் நீளமாக ஒரு தழும்பு. ஆண், பெண் எல்லாரும் கலந்து இருந்தார்கள். நான் அந்தத் தழும்புக்கு இந்தப் பக்கம்தான் இருந்தேன்.

விளக்கு அணைந்தது. திரையில் என் முகம். வீட்டுக் கண்ணாடியில் காணாத சுருக்கமெல்லாம் தெரிந்தது. சனமெல்லாம் அதையே பார்க்க, நான் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தினேன். அண்ணை சொன்னது சரிதானோ, எழும்பிப் போவோமோ என்று நினைத்தேன்.

அப்போதுதான் கேட்டது. தழும்புக்கு அந்தப் பக்கம், பின்னுக்கு, அடித்தொண்டையில் தொடங்கி மேலே ஏறுகிற செருமல்.

கையை ஆட்டினேன். சத்தம் இல்லை. மனுசன் போனதிலிருந்து நான் காப்புப் போடுவதில்லை. மறுபடியும் செருமல் கேட்டது. இடுப்பில் செருகியிருந்த, வீட்டுச் சாவிகள் தொங்குகிற திறப்புக் கோர்வையை இழுத்தெடுத்துக் குலுக்கினேன். பக்கத்திலிருந்த பிள்ளை, நான் வீட்டுக்கு வெளிக்கிடுகிறேன் என்று பயந்து என் கையைப் பிடித்தாள். செருமல் நின்றுவிட்டது. மிச்சப் படத்தை நான் நிமிர்ந்திருந்து பார்த்தேன்.

முடிந்து வெளியே வந்தபோது, கல் வைத்து அடைத்த அந்தப் பெண்கள் வாசலடியில், அந்தக் காலத்தில் எனக்காக எந்நாளும் நிற்கிற இடத்தில், அண்ணை குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"வெங்காயத்தை மேலை தாரிலை பிடிச்சு இழுத்தால் அறும். அடியிலை பிடிக்க வேணும் எண்டு எத்தினை தரம் சொன்னனான்?"

"தங்கச்சியின்ரை முகத்தைப் பாக்க மாட்டன் எண்டனியள். வெங்காயத்தை மட்டும் எப்பிடி அண்ணை கண்டனியள்?"

"மினிபஸ் போயிடும், வா" என்றுவிட்டு முன்னுக்கு நடந்தார். அந்த நாளிலும் அப்படித்தான் நடப்பார், திரும்பிப் பார்க்க மாட்டார். ஓட்டோவை விட்டுவிட்டு நானும் பின்னால் போனேன்.

அடுத்த நாள் பின்னேரம் படலையடியில் செருமல் கேட்டது. மன்னிப்பு, சமாதானம் என்று ஒருவரும் ஒன்றும் கதைக்கவில்லை. இப்போதும் அந்தச் சத்தம் கேட்டால், கேத்திலை அடுப்பில் வைக்க முதல் திறப்புக் கோர்வையை ஒருதரம் குலுக்குகிறேன். நான் இருக்கிறேனா என்று கேட்க ஓர் ஆளும், இருக்கிறேன் என்று சொல்ல எனக்கு ஒரு சத்தமும் மிஞ்சியிருப்பது இந்த வயதில் சின்னக் காரியம் இல்லை.