கடுகளவு உறுப்பும் இரண்டு பூப்பொட்டலங்களும்

பெண் பார்க்கிற வீட்டில் பஜ்ஜி ஆறிப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். போன ஞாயிற்றுக்கிழமை, பெருமாநல்லூரில், என் அக்கா வீட்டில்.

பெண் என் அக்கா மகள் சுகன்யா. நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியின் டெஸ்டிங் லேபில் வேலை. துணியைத் துவைத்துக் காய வைத்து, எவ்வளவு சுருங்கியது, எவ்வளவு சாயம் போனது என்று அளந்து எழுதுவாள். அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிடும். எனக்குத் தலைவலி என்றால், "எத்தன மணிக்குங்க மாமா ஆரம்பிச்சுது? அதுக்கு முன்னாடி என்ன சாப்பிட்டீங்க?" என்று விசாரணை நடக்கும்.

மாப்பிள்ளை கார்த்தி. நெருப்பெரிச்சலில் பனியன் துணி பின்னுகிற நான்கு நிட்டிங் மெஷின் போட்டுச் சொந்தமாக ஓட்டுகிறார். ஜாதகம் பொருந்தியாச்சு. "ரெண்டு பேரும் அஞ்சு நிமிசம் பேசிக்கட்டும்" என்று பெரியவர்கள் தாராள மனசு பண்ணினார்கள். ஆனால் தனியாக இல்லை... தாய்மாமன் நான் மூலையில் நாற்காலி போட்டுப் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும்!

கார்த்தி தொண்டையைக் கனைத்தார். "படமெல்லாம் பாப்பீங்களா?"

"இங்கிலீஷ் படம் பாப்பேனுங்க. அதுலயும் சயின்ஸ் ஃபிக்ஷன்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்த விண்வெளிச் சாமியார் படம் பாத்தீங்களா?"

"ரெண்டு பார்ட்டும் பாத்தாச்சுங்க."

"செகண்ட் பார்ட்டுல கெடுத்துட்டாங்கல்லங்க?"

"ஏனுங்க? செகண்ட் பார்ட்டுதானுங்க படமே!"

போச்சு.

படம் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் பாகத்தில் ஹீரோ ஏதோ ஒரு கிரகத்து மலைமேல் பன்னிரண்டு வருஷம் தவம் இருக்கிறான். இறங்கி வந்து கண்ணை மூடினால், வானத்தில் பறக்கிற கப்பல் அப்படியே நிற்கிறது. எப்படி? யாரும் கேட்கவில்லை, தியேட்டர் முழுக்க விசில். இரண்டாம் பாகத்தில் வெள்ளைக் கோட் போட்ட டாக்டர் ஒருவர் வருகிறார். எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து, "இவருடைய பின்மண்டையில் கடுகளவு ஓர் உறுப்பு இருக்கிறது. சக்தி அங்கிருந்துதான் வருகிறது" என்கிறார். நானும் தமிழ் டப்பிங்கில் பார்த்தேன். அந்த இடத்தில்தான் எழுந்து முறுக்கு வாங்கப் போனேன்.

இந்தக் கடுகுக்காக உலகம் முழுக்க ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொள்கிறார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எங்கள் சுகன்யா சாயங்காலமானால் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, முகம் தெரியாத அமெரிக்காக்காரனோடு இதற்காகச் சண்டை போடுகிறாளாம். அக்காவுக்கே தெரியாது!

"பன்னெண்டு வருசத் தவத்தக் கடுகுக்குள்ள அடைச்சுட்டாங்களேங்க" என்று கார்த்தி பொருமினார். "கடுகு இருந்தாப் போதும்னா அவன் எதுக்குங்க மலைமேல ஏறோணும்? ஊட்டுலயே படுத்துக் கெடந்திருக்கலாமே?"

"உறுப்பு எல்லாருக்கும் இருக்குதுங்க. பழக்குனவனுக்குத்தான் வேலை செய்யும்."

"அப்படீன்னு படத்துல சொன்னாங்களா?"

"சொல்லலீங்க. நான் சொல்றேன்."

பேப்பருக்குப் பின்னால் எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

கார்த்தி விடவில்லை. "எல்லாத்துக்கும் காரணம் இருக்குதுன்னு சொல்றீங்க. என்ற மூணாவது மெஷின் வியாழக்கெழம மட்டும் ஊசி ஒடைக்குதுங்க. மத்த நாள் ஒண்ணும் ஆவறதில்ல. எலுமிச்சம்பழங்கூடக் கட்டிப் பாத்துட்டேன். இதுக்கென்ன காரணம்? சொல்லுங்க பாக்கலாம்!"

சுகன்யாவின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. பட்டுப்புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். லேபுக்குள் போய்விட்டாள் என்று அர்த்தம்.

"வியாழக்கெழம வேற நூல் ஓடுதுங்களா?"

"அதே நூல்தானுங்க."

"எண்ணெய் உடறாங்களா?"

"தெனமும்."

"மத்த நாள் அத ஓட்டறது யாருங்க?"

"ஆபரேட்டர் அண்ணன். வியாழக்கெழம அவருக்கு லீவுங்க."

"அன்னிக்கு யார் ஓட்டறது?"

கார்த்தி ஒரு பஜ்ஜியை எடுத்தார். திரும்பத் தட்டில் வைத்தார். சீலிங் ஃபேனைப் பார்த்தார்.

"...நாந்தானுங்க."

அப்புறம் அவர் சிரித்தார் பாருங்கள்... தொடையைத் தட்டிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, அப்படி ஒரு சிரிப்பு. தன் தப்பைக் கண்டுபிடித்த பெண்ணிடம் முகம் கறுக்காமல் சிரிக்கிற ஆண்பிள்ளையை நான் அதிகம் பார்த்ததில்லை, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சுகன்யா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெண்ணுக்குப் பிடித்துவிட்டது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

வெளியே வேறு கதை. ஐந்து நிமிஷம் ஐம்பது நிமிஷமாகியிருந்தது. உள்ளேயிருந்து கேட்ட சத்தத்தில் சுகன்யாவின் அப்பா, எங்கள் சின்னச்சாமி மச்சான், வியர்த்துப் போயிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் போனதும் என்மேல் பாய்ந்தார்.

"ஏனுங் மச்சான், இது பொண்ணு பாக்கறதா, பட்டிமன்றமா? மொதல் நாளே சண்டைன்னா, காலத்துக்கும் எப்படி ஓடும்?"

"எனக்கு அவரத்தானுங்கப்பா புடிச்சிருக்குது" என்றாள் சுகன்யா, பளிச்சென்று.

மச்சான் ஆடிப்போனார். மகளிடம் மறுத்துப் பேசவும் மனசு வரவில்லை, சரி என்று சொல்லவும் தைரியம் இல்லை. கடைசியில் அம்மன்மேல் பாரத்தைப் போட்டார். "வெள்ளிக்கெழம கோயில்ல பூப் போட்டுப் பாத்தரலாம். செகப்பு வந்துச்சுன்னா இந்தப் பேச்சையே உட்டுறோணும் கண்ணு."

எங்கள் பக்கத்து வழக்கம் இது. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி காலடியில் வைத்து ஒன்றை எடுத்துப் பிரிப்பார்கள். வெள்ளை என்றால் சம்மதம். சிவப்பு என்றால் வேண்டாம். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

சுகன்யா குதிப்பாள் என்று நினைத்தேன். "சரிங்கப்பா" என்றாள். அவ்வளவுதான். தலைவலிக்கே காரணம் கேட்கிற பெண் ஒரு கேள்வியும் கேட்கவில்லை! அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை இரண்டு வீட்டாரும் கோயிலில் கூடினோம். எல்லார் முன்னாலும் நான்தான் பொட்டலம் மடித்தேன். ஒன்றில் நந்தியாவட்டை, இன்னொன்றில் செவ்வரளி. தட்டில் வைத்துச் சுகன்யா கையில் கொடுத்தோம். அவள் பயபக்தியோடு தனியாக மூன்று சுற்று வந்தாள். பூசாரி வர நேரமானது. கால் கழுவிவிட்டு வருகிறேன் என்று அவள் போக, "நான் பாத்துக்கறேனுங்க" என்று கார்த்தி தட்டை வாங்கிக்கொண்டார்.

பூசாரி வந்தார். தட்டை அம்மன் காலடியில் வைத்தார். கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

வெள்ளை!

மச்சான் அழுதேவிட்டார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

கூட்டம் கலைகிற நேரத்தில் கார்த்தி என்னைத் தூண் மறைவுக்கு இழுத்துப் போனார்.

"மாமா, ஒரு தப்புப் பண்ணிட்டேனுங்க. செகப்பு வந்துருமோன்னு பயந்து, அதை எடுத்துட்டு வெள்ளைய வெச்சரலாம்னு சட்டப் பையில நந்தியாவட்டை கொண்டாந்தேன். தட்டு கையில இருக்கறப்ப இதே தூண் மறைவுல ஒரு பொட்டலத்தப் பிரிச்சேன். வெள்ளை. சரி, மத்ததுதான் செகப்புன்னு அதையும் பிரிச்சேன்... அதுவும் வெள்ளைங்க மாமா! நீங்க அரளி வெச்சத நான் கண்ணால பாத்தேன். அப்படியே மறுபடி மடிச்சு வெச்சுட்டேன். மேலெல்லாம் சிலுத்துப் போச்சுங்க. இதுக்கு உங்க பொண்ணு எந்தக் கடுகக் காட்டுவாங்க? சொல்லுங்க!"

நான் அவர் தோளுக்கு மேலே பார்த்தேன். செருப்பு விடுகிற இடத்தில் சுகன்யா ஹேண்ட்பேகைத் திறந்து கர்ச்சீப்பை உருவினாள். கூடவே ஒரு செவ்வரளி கீழே விழுந்தது. சட்டென்று காலால் மறைத்தாள். நிமிர்ந்தவள் என்னைப் பார்த்துவிட்டாள். முகம் அந்த அரளியைவிடச் சிவந்தது.

அக்கா வீட்டு வாசலில் நந்தியாவட்டைச் செடி பூத்துக் குலுங்குவது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

காரணம் கேட்கிற கட்சியும் பூவை மாற்றியிருக்கிறது. காரணம் கேட்காத கட்சியும் மாற்றப் பார்த்திருக்கிறது. இதற்கு மேல் என்ன பொருத்தம் வேண்டும், சொல்லுங்கள்!

கார்த்தி இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் முதல் பாகம் பார்த்த சந்தோஷம். ஒரு வார்த்தை சொன்னால் போதும், எக்ஸ்ரே காட்டின மாதிரி ஆகிவிடும். குனிந்து பார்த்தேன்... அன்றைக்கென்று நானும் அந்தப் படத்து டாக்டர் மாதிரி வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன்.

"சக்தியுள்ள அம்மனுங்க மாப்ள" என்றேன்.

மாப்பிள்ளைக்குப் பத்திரிகை படிக்கிற பழக்கம் இல்லை. விசாரித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். நெருப்பெரிச்சல் பக்கம் போகிறவர்கள் தயவுசெய்து அவர் படத்தைக் கெடுத்துவிடாதீர்கள்!