சவரிநாதன் முசே எழுதாமல் விட்ட கட்டம்

கோவிந்தன் நான் இப்போது வேலை பார்க்கும் அரசாங்க அலுவலக வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு, உள்ளே வராமல் நின்றார். நான் எழுந்து போனேன். "முசே பூட்டாரும்மா. காலையில காபி குடிச்சிட்டு நாற்காலியில சாஞ்சவரு எழுந்துக்கவே இல்ல" என்றார்.

பத்து நாள் முன்பு சவரிநாதன் முசேவுக்கு (பிரெஞ்சு வழக்கப்படி ஊரில் எல்லோரும் 'ஐயா' என்பதற்கு அப்படித்தான் சொல்வோம்) நான் ஒரு கடிதம் எழுதியிருந்தேன். கோவிந்தனுடைய பனியன் கொட்டகையை ஒரே ஒருமுறை வந்து பாருங்கள் என்று கேட்டிருந்தேன். பதில் வரவில்லை. துக்கத்துக்கு முன்னால் எனக்கு வந்தது எரிச்சல்தான். இதற்கும் பதில் சொல்லாமல் போய்விட்டார். இதைப் படிக்கிறவர்களில் அவரை அறிந்தவர்கள் என்னைக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அவரோடு ஒரு மாதம் பழகிய யாருக்கும் இந்த எரிச்சல் புதிதல்ல.

பத்தொன்பது வயதில் சைகோனுக்குக் கப்பலேறி, அங்கே ஒரு துணிக்கடையில் முழக்கோல் பிடித்தவர் அவர். பிறகு சொந்தக் கடை, அரிசி ஆலையில் கூட்டு, ஜிபுத்தியில் ஒரு கிடங்கு, மர்சேய் சோப்புத் தொழிற்சாலையில் பங்கு. கடலுக்கு அப்பால் மூன்று துறைமுகங்களில் அவர் பெயரைச் சொன்னால் நாற்காலி போடுவார்கள். சைகோனில் நிலைமை கெட்ட பிறகு புதுச்சேரிக்குத் திரும்பி, கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் அலுவலகம் வைத்தார். 1955இல் அங்கே கடிதம் எழுதும் வேலைக்கு நான் சேர்ந்தேன். பாதி பிரெஞ்சிலும் பாதி தமிழிலும் அவர் சொல்வார். அது யாருக்குப் போகிறதோ அவர்கள் மொழியில் நான் எழுத வேண்டும். முதலில் எழுதியதை எப்போதும் கிழிக்கச் சொல்லி, மறுபடி சொல்வார்.

சேர்ந்த இரண்டாவது வாரம் என்னைப் பெரிய கடைத்தெருவுக்கு அனுப்பினார். அவர் மனைவியின் தம்பி முறையான ஒருவர் தம் பாத்திரக் கடைக்கு முசேவைக் கூட்டாளியாகச் சேரச் சொல்லியிருந்தார். மூன்று நாள் காலையில் எதிர்க்கடைப் பலகையில் உட்கார்ந்து, அந்தக் கடை எப்போது திறக்கிறது என்று மட்டும் பார்த்து வரச் சொன்னார். கையில் ஒரு புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். ஒருநாள் ஏழு, ஒருநாள் ஒன்பது, மூன்றாம் நாள் திறக்கவே இல்லை. "கடையப் பாக்காதம்மா, கடைய எப்பத் தெறக்கறான்னு பாரு" என்றார். கூட்டுச் சேரவில்லை. அதை அந்த உறவினரிடம் சொல்லவும் இல்லை. அவர் எட்டு மாதம் நடையாய் நடந்தார். ஒவ்வொரு முறையும் முசே காபி கொடுத்து, குழந்தைகளை விசாரித்து அனுப்பிவைப்பார். இல்லை என்று சொல்லும் வேலை கடைசியில் எனக்கு வந்தது.

இனிக் கோவிந்தன் கதைக்கு வருகிறேன். அதை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுதினால் அது பொய்யாகிவிடும்.

1954இல், ஊர் பிரெஞ்சுக்காரரிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறுவதற்குச் சில மாதம் முன்பு, பனியன் துணி பின்னும் ஆறு இயந்திரங்களுக்கு முசே மர்சேயில் சொல்லிவைத்தார். மில்லில் ஆட்குறைப்பு நடந்துகொண்டிருந்த நேரம் அது. அங்கே ஃபிட்டராக இருந்து வேலை இழந்த கோவிந்தனை அழைத்து, இயந்திரம் வந்ததும் நீதான் மேஸ்திரி, நாலு பேரைச் சேர்த்துக்கொள் என்றார். கோவிந்தன் நாலு பேரைச் சேர்த்தார். கப்பல் வந்து சேர்ந்தபோது ஊர் கைமாறிவிட்டிருந்தது. சுங்கக் கிடங்கிலிருந்து பெட்டிகளை வெளியே எடுக்க இந்திய லைசென்ஸ் வேண்டும், மனுப் போடுங்கள் என்றார்கள். மனுவில் ஒரு கட்டம் இருந்தது: மனுதாரர் எந்த நாட்டுப் பிரஜை?

அந்தக் கட்டத்தை அவர் நிரப்ப மறுத்தார்.

சட்டப்படி அவர் சொன்னது சரி. நிர்வாகம்தான் கைமாறியிருந்தது, ஒப்பந்தம் முழுமையாகவில்லை. அதுவரை நாமெல்லாம் யார் என்று இரண்டு அரசுகளும் முடித்துச் சொல்லவில்லை. அவங்க முடிக்கட்டும், நான் எழுதறேன் என்றார். நான் அந்த மனுவை ஏழு முறை தட்டச்சு செய்தேன். ஏழு முறையும் அந்த ஒரு கட்டம் காலியாகவே சுங்க அலுவலகத்துக்குப் போய், காலியாகவே திரும்பி வந்தது. சுங்க அதிகாரி நல்ல மனிதர். ஒருநாள் அவரே படியேறி வந்து, "ஐயா, எதையாச்சும் எழுதுங்க. நான் கேள்வி கேக்கப்போறதில்ல" என்றார்.

"நீங்க கேக்கமாட்டீங்க. எழுதறவன் நானாச்சே" என்றார் முசே.

அவர் போன பிறகு என்னிடம் சொன்னார்: "சைகோன்ல பிரெஞ்சு, ஜப்பான், வியத்மின்னு மூணு கொடிக்கு, நான் இன்ன ஆளுன்னு மூணு காகிதம் எழுதிக் குடுத்தேன். ஒவ்வொருத்தனும் முன்னாடி எழுதுனதக் காட்டித்தாம்மா மெரட்டுனான்." அவர் பயந்ததை நான் கண்டது அந்த ஒருமுறைதான். அன்று எனக்கு இரக்கம் வந்தது. ஆனால் இரக்கத்தை வைத்துப் பெட்டியைத் திறக்க முடியாது.

நான்கு வருடம் போயிற்று. கோவிந்தன் மாதம் ஒருமுறை வந்து வாசலில் நிற்பார். முசே இன்னும் இல்லை என்று கைகாட்டுவார், அவர் போய்விடுவார். இடையில் அவர் கிடைத்த வேலையெல்லாம் செய்தார். தவளக்குப்பம் சந்தியில் சைக்கிளுக்குப் பஞ்சர்கூட ஒட்டினார். சேர்த்த நால்வரில் ஒருவர் ஊரைவிட்டே போய்விட்டார். ஐந்தாம் வருடத் தொடக்கத்தில் ஒருநாள் கோவிந்தன் வாசலில் நிற்காமல் நேரே உள்ளே வந்து மேசை முன்னால் நின்றார்.

"கோயம்புத்தூர்ல ஒரு மில்லுல கூப்புடறாங்க முசே. ஒங்க நேர்மை பெரிசுதான். எங்க வூட்ல ஒல வெச்சாவணும். அந்த மிசின எங்களுக்குக் குடுத்துடுங்க. கட்டத்த நான் எழுதிக்கறேன்."

 மறுநாள் காலை நான் மேசையில் உட்காருவதற்குள் முசே ஒரு கடிதத்தைச் சொல்ல ஆரம்பித்தார். ஆறு இயந்திரங்களையும் கோவிந்தன் பெயருக்கும் மற்ற மூவர் பெயருக்கும் விட்டுக்கொடுக்கும் கடிதம் அது. முதல் முறையாக, எழுதியதைக் கிழிக்கச் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டார்.

புது மனுவோடு நான்தான் கோவிந்தனுடன் சுங்க அலுவலகத்துக்குப் போனேன். குமாஸ்தா அந்தக் கட்டத்தில் விரலை வைத்ததும், "இந்தியன்னு போடுங்க" என்றார் கோவிந்தன்.

"நேத்து வரைக்கும் இன்னாவா இருந்தீங்க?" என்று குமாஸ்தா சிரித்தார்.

"மில்லு ஆளு."

அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. மூன்று வாரத்தில் பெட்டிகள் வெளியே வந்தன. உப்புக் காற்றில் ஊசிகள் எல்லாம் துருவேறியிருந்தன. நான்கு இயந்திரங்களைக் கோவிந்தன் தேற்றி, ஒரு கொட்டகை போட்டு ஓடவைத்தார். இரண்டு கடைசிவரை ஓடவில்லை. ஊசிகளுக்கு மர்சேய்க்கு எழுத வேண்டும் என்று நான் சொன்னபோது, பெட்டி திறந்த அன்றே தாமே எழுதிவிட்டதாக முசே முனகினார். கொட்டகைப் பக்கம் மட்டும் அவர் போகவில்லை.

ஒரு காலை நேரத்தில் முடியக்கூடிய காரியத்தை ஏன் நாலு வருடம் செய்யவில்லை என்று அவரிடமே கேட்டேன். அலுவலகத்தில் நான் குரலை உயர்த்தியது அன்று மட்டும்தான்.

"அவன் கேக்கலியேம்மா" என்றார். "மாசாமாசம் வந்து நின்னான். ஒருநாளும் எனக்குக் குடுன்னு கேக்கல. கேக்கறவன நம்பித்தான் நான் பணம் போடுவேன்."

"நீங்க அவர இன்னா வேணும்னு கேட்டிருக்கலாமே."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தாம் நான்கு நாடுகளில் கற்ற தொழிலில் அப்படி ஒரு வழி இருப்பதாக அவருக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். அடுத்த வருடம் அரசாங்க வேலை கிடைத்து நான் விலகினேன். போகும்போது பேனா கொடுத்தார். புத்தி எதுவும் சொல்லவில்லை.

இப்போது, 1962 ஆகஸ்டில், இரண்டு அரசுகளும் எல்லாவற்றையும் முடித்துவிட்டன. யார் எந்தப் பிரஜை என்று நாம் ஒவ்வொருவரும் தீர்மானிக்கலாம். சவரிநாதன் முசே அதற்கு முந்தின வாரம் போய்விட்டார். கல்லறைத் தோட்டத்தில் கோவிந்தனின் ஆட்கள் ஒன்பது பேர் வந்து நின்றார்கள். "கடேசி வரிக்கும் கட்டத்த நெரப்பாமலே பூட்டாரு பாரு" என்று அவர்களில் ஒருவர் சொன்னார். கோவிந்தன் அவரை அதட்டினார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்து, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

அவருடைய பொன்மொழிகளை நான் வைத்துக்கொள்ளவில்லை. கடை திறக்கும் நேரத்தைப் பார்த்து மனிதரை எடைபோடும் திறமையும் எனக்கு வரவில்லை. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவர் செய்யாமல் விட்ட ஒன்றைத்தான். சென்ற வாரம் எங்கள் அலுவலகத் தாழ்வாரத்தில், பட்டாளத்தில் வேலை பார்த்து இறந்துபோனவரின் மனைவி ஒருவர் தூணோரம் நின்றிருந்தார். கையில் காகிதம் இருந்தது. அவர் யாரையும் கூப்பிடவில்லை. நான் மேசையை விட்டு எழுந்து போய், "இன்னா வேணும்மா?" என்று கேட்டேன். மூன்று நாளாக வந்து நிற்கிறாராம். அவர் சொல்லி முடிப்பதற்குள் மத்தியானமாகிவிட்டது.